நீலத் தொப்பி குடியிருந்த வீடு

இந்த வீட்டில் அவள் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கியவள் இல்லை என்று பரிசோதகர் முடிவு கட்டியது வீட்டுக்குள் போன பிறகு அல்ல. மாடிப்படியிலேயே.

இரண்டாவது மாடிக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு படி உடைந்து கிடந்தது. காலை வைத்தால் ஆளை முன்னால் தள்ளும். முதலில் ஏறிய நடைச் சங்கத்துச் செயலாளர் அதில் தடுமாறினார். வீட்டைச் சோதிக்க மேலிடத்திலிருந்து வந்த அம்மாவும் தடுமாறினார். பின்னால் போன மாப்பிள்ளை சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாமா, இது படியா, பொறியா?" என்றான்.

வந்தவர்கள் தடுமாறலாம், தப்பில்லை. ஆனால் "மூன்று வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிற வெளிநாட்டுக்காரியும் அதே படியில் கால் வைத்து, அவள் பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டு முட்டியைத் தேய்த்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கையிலும் பையோடு வந்த சங்கத்து டீக்கார அக்கா மட்டும், ஏதோ யோசனையில் இருந்தவள் போல, விறுவிறு என்று மேலே போய்விட்டாள்.

பரிசோதகர் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல் ஊரார் திருட்டுத்தனத்தைத் துப்பறிய இறங்கிவிட்டார். டிக்கெட் இல்லாதவன் முகத்தை நன்றாகவே வைத்துக்கொள்வான், காலை எங்கே வைப்பதென்றுதான் அவனுக்குத் தெரியாது. இது ஒன்றுதான் அவர் படித்த படிப்பு. மனிதர்களில் யாரையும் நம்புவதில்லை என்பது அவர் கொள்கை. மாப்பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொண்டதுகூட நம்பிக்கையால் அல்ல. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள் அப்பா என்று மகள் கெஞ்சியதால்தான்.

வழக்கு இதுதான். உலகப் போட்டிக்குப் பெண்கள் நடைப் பிரிவில் இந்த நாட்டுக்கு ஒரே ஒரு இடம். ஓடவும் கூடாது, சும்மா நடக்கவும் கூடாது, எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்கிற அந்த இடுப்பாட்டப் போட்டி. அந்த இடம் நியாயமாகத் தபால்காரிக்கு வர வேண்டியது. தினமும் தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்தே கால் உரமேறியவள். அடுத்த முறைக்கு அவள் கால் தாங்காது. அதனால் இதை விட்டால் இனி இல்லை.

சங்கத்துக்கோ பதக்க ஆசை. தன் நாட்டு அணியில் இடம் கிடைக்காத ஒருத்தியை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து, "இவளும் நம்ம நாட்டுப் பெண்தான், மூன்று வருடம் தொடர்ந்து இங்கேயே குடியிருந்துவிட்டாள், விதிப்படி தகுதி உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவளுக்கு இறக்குமதி என்று பேர் வைத்தான். தபால்காரி ஆட்சேபம் சொன்னாள். மேலிடத்து அம்மா வீட்டைப் பார்க்க வந்துவிட்டார். ஆட்சேபம் சொன்னவள் தன் பக்கத்தில் இரண்டு பேரைக் கூட்டி வரலாம் என்று விதி. அந்த இரண்டு பேர்தான் இவர்கள். சாயங்காலத்துக்குள் பேரை அனுப்பியாக வேண்டும்.

மூன்றாவது மாடிக்கு வந்ததும் பரிசோதகர் தபால்காரியை ஓரமாக அழைத்தார்.

"அந்தப் பொண்ணு இங்க இருந்ததே இல்லம்மா. படியே சொல்லிடுச்சு."

தபால்காரி தலையைக் குனிந்தாள். "அதுதாங்கய்யா எனக்குப் புரியல. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். அவளை நானே பாத்திருக்கேன்."

"எங்க?"

"இந்தத் தெருவுலதான். தினம் விடிகாலையில தபால் கொடுக்க வருவேன். நீலத் தொப்பி, கழுத்தைச் சுத்தித் துண்டு. இதே நடை. எனக்கு முன்னாடி போய்க்கிட்டே இருப்பா. மூணு வருஷமாத் துரத்துறேன், ஒரு நாள்கூடத் தாண்ட முடியல. அவ இங்க இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நல்லாயிருக்கு" என்றான் மாப்பிள்ளை. "எதிர்க்கட்சி சாட்சியே நம்ம கட்சிக்காரிதான். மாமா, வீட்டுக்குப் போலாமா? இந்தப் பை வேற என் தோளைக் கழட்டுது. ஏங்க அக்கா, ஜனங்க கல்லையா தபால்ல போடுறாங்க?"

தபால்காரி பாதி வேலையில் நேராக வந்திருந்தாள். பெண் பிள்ளை தூக்கி நிற்கிறாளே என்று கீழேயே பையை வாங்கிக்கொண்ட பெருந்தன்மைக்கு மாப்பிள்ளை இப்போது கூன் விழுந்து நின்றான்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடினா பாரம் தெரியாது மாப்பிள்ளை" என்றார் பரிசோதகர். மருமகனுக்கு மரியாதையில் குறை வைக்க மாட்டார். திட்டுவதையும் "நீங்க" போட்டுத்தான் திட்டுவார்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே நின்ற அம்மாளிடம் செயலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு, இறக்குமதியை முன்னால் தள்ளினார். அவள் தலையில் நீலத் தொப்பி. "இவங்கதானே அம்மா உங்க பக்கத்து வீடு?"

"ஆமா, இவதான். தங்கமான பொண்ணு. மூணு வருஷத்துல ஒரு தகராறு கிடையாது" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். மேலிடத்து அம்மா குறித்துக்கொண்டார். செயலாளரின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. எல்லாரும் உள்ளே போனார்கள்.

பரிசோதகர் மட்டும் வெளியே நின்றார். "பேசிப் பழக்கமா அம்மா?"

"எங்க பேசுறது? பயிற்சியில இருக்கிற பொண்ணு, யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு சங்கத்துலேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. விடியுமுன்ன போவா, இருட்டின பிறகு வருவா. தொப்பியைத்தான் பாத்திருக்கேன்."

"அப்ப தங்கமான பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"அது தண்ணியில தெரியும். குழாய்ல தண்ணி எப்ப வரும்னு யாருக்குத் தெரியுது? என் பக்கம் முதல்ல வரும். வந்ததும் நான் சுவத்துல தட்டுவேன். அவ உடனே அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு தட்டுத் தட்டிட்டு ஓடிப்போய்க் குழாயைத் திறப்பா. வீட்டுல இருந்தா, ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டுக் கிடந்தாக்கூட, ஒரு தடவை தவறினதில்ல."

பரிசோதகர் தாடையைச் சொறிந்தார். அப்படியானால் இந்த வீட்டில் ஆள் இருந்திருக்கிறது. இருந்த ஆள் இவள் இல்லை.

உள்ளே செயலாளர் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் நாட்டுக் கொடி. மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை. அதற்குக் கீழே இறக்குமதி கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற படம். "பாருங்க மேடம், எவ்வளவு பற்று! ரத்தத்துல ஊறிப்போச்சு!"

"எந்த ரத்தத்துல?" என்றான் மாப்பிள்ளை.

மேலிடத்து அம்மா இறக்குமதியைப் பார்த்து, "நீங்க இங்கே என்ன சமைப்பீங்க?" என்று கேட்டார்.

"இது என் இல்லம்" என்றாள் இறக்குமதி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. "நான் இந்த மண்ணை நேசிக்கிறேன்."

"சரி. கை கழுவணும். குளியலறை எந்தப் பக்கம்?"

"நான் இந்த மண்ணை நேசிக்கிறேன்."

"அம்மாவுக்கு மண்ணு வேணாம், தண்ணி போதும்" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான்.

செயலாளர் கண்ணைக் காட்ட, இறக்குமதி போய் ஒரு கதவைத் திறந்தாள். துணி அலமாரி. அடுத்த கதவைத் திறந்தாள். குளியலறைதான், ஆனால் கும்மிருட்டு. உள்ளே சுவரைத் தடவினாள். வெளியே சுவரைத் தடவினாள். சுவிட்ச் அகப்படவில்லை.

சட்டென்று விளக்கு எரிந்தது.

"ஆங், வந்துடுச்சு! இந்தப் பகுதியில கரண்ட் இப்படித்தான் மேடம்" என்றார் செயலாளர்.

கரண்ட்டாவது ஒன்றாவது. பரிசோதகர் சமையலறையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அங்கே டீக்கார அக்கா இரண்டு கையாலும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். குளியலறைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டதும், தலையைக்கூடத் திருப்பாமல், முழங்கையால் பக்கத்துச் சுவரில் ஒரு இடி இடித்தாள். எந்தப் புத்திசாலி மின்சாரக்காரன் செய்த வேலையோ, குளியலறை விளக்குக்குச் சமையலறையில் சுவிட்ச். அப்போதுதான் அவருக்கு மாடிப்படியும் நினைவுக்கு வந்தது. எல்லாரும் தடுமாறிய படியை இரண்டு கையிலும் பையோடு தாண்டிப் போன கால் யாருடைய கால்?

செயலாளர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார். தொப்பி, கொடி, படம், பக்கத்து வீடு. ஆனால் மேலிடத்து ஆள் வந்தால் டீ கொடுக்காமல் சங்கத்துக்காரனுக்குக் கை ஓடாது. தன் கையால் ஒரு அடுப்பைப் பற்ற வைத்தும் பழக்கம் கிடையாது. எந்த ஆளை இன்று இந்தப் பக்கமே வரவிடக் கூடாதோ, அந்த ஆளையே தட்டோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பரிசோதகர் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார்.

"இதுக்கா என்னைப் பெத்து வளர்த்தாங்க?" என்றான் மாப்பிள்ளை.

"வளர்த்ததோட பலன் இன்னிக்காவது தெரியட்டும். போங்க."

மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டே வெளியே போனான். டீக்கார அக்கா தட்டோடு கூடத்துக்கு வந்தாள். மேலிடத்து அம்மா ஒரு கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

டொம் டொம் டொம் என்று சுவர் அதிர்ந்தது.

இறக்குமதி அலறிக்கொண்டு கொடிப் பக்கம் ஒதுங்கினாள். செயலாளர் கோப்பையை வேட்டியில் கவிழ்த்துக்கொண்டார். டீக்கார அக்கா தட்டை அப்படியே மேலிடத்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "வந்துட்டேங்க!" என்று குரல் கொடுத்து, சேலையைச் செருகிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.



அவள் மெதுவாகத் திரும்பி வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சத்தம் கேட்டதும் கை தானாப் போயிடுச்சுங்க" என்றாள் செயலாளரிடம்.

"மேடம்" என்றார் பரிசோதகர், "வீட்டுக்காரி யாருன்னு நீங்க தேடி வந்தீங்க. வீடே காட்டிக் கொடுத்துடுச்சு."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. டீக்கார அக்கா எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தங்க இடம் இல்லை. செயலாளர்தான் சாவி கொடுத்தார். விளக்குப் போட வேண்டும், குப்பை வெளியே வைக்க வேண்டும், விடிகாலையில் தொப்பி மாட்டிக்கொண்டு தெருவில் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். பகலில் சங்கத்தில் டீ.

"எப்படி நடக்கணும்னு டிவியில படம் போட்டுக் காட்டினாருங்க. முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுப்போச்சு" என்றாள்.

மேலிடத்து அம்மா மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "காகிதத்துல இருக்கிறவங்க இந்த வீட்டுல இல்ல. வீட்டுல இருந்தவங்க காகிதத்துல இல்ல. அப்ப இங்க யாருமே குடியிருக்கலன்னுதான் நான் எழுத முடியும்."

எழுதியும் விட்டார். இறக்குமதி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் வரி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தபால்காரி கண்ணை மூடித் திறந்தாள். போன உயிர் திரும்பி வந்தது போல ஒரு மூச்சு.

செயலாளர் வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை பாதியில் நின்றது. பரிசோதகர் அந்த முகத்தைக் கவனித்தார். திருட்டு ரயிலேறி மாட்டிக்கொண்டவனுக்குப் புது யோசனை வருகிறபோது முகம் இப்படித்தான் ஆகும்.

"மேடம்!" செயலாளர் எழுந்துவிட்டார். "விதி என்ன சொல்லுது? மூணு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும். குடியிருந்தது யாரு? இதோ, எங்க டீக்கார அக்கா! இந்தப் பெரியவரே நிரூபிச்சுட்டார். இனிமே இவங்கதான் எங்க போட்டியாளர்."

"யோவ்!" என்றான் அப்போதுதான் உள்ளே வந்த மாப்பிள்ளை.

"சும்மா இல்ல மேடம். எங்க சங்கம் மூணு வருஷமாக் கண்ணுல வச்சு வளர்த்த திறமை!"

"டீ போட வச்சு" என்றான் மாப்பிள்ளை.

"வேகம் எப்படின்னு ஆட்சேபக்காரங்களையே கேளுங்க. வெளியில நின்னு அவங்களே சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீலத் தொப்பியை மூணு வருஷத்துல ஒரு நாள்கூடத் தாண்ட முடியலன்னு! நீலத் தொப்பி யாரு? இவங்க!"

மேலிடத்து அம்மா தபால்காரியைப் பார்த்தார். "நிஜமா?"

பொய் சொல்லித் தொலையேன் என்று பரிசோதகர் மனதுக்குள் கத்தினார். எல்லாரையும் சந்தேகப்படுகிற மனிதருக்கு வாய்த்த கட்சிக்காரி ஒரு அரிச்சந்திரப் பிறவி.

"நிஜந்தாங்க" என்றாள் தபால்காரி.

"அப்படின்னா, இவங்களை ஏத்துக்க வழி இருக்கான்னு மேலிடத்துல கேக்க வேண்டியதுதான். வேகமானவங்களைத்தானே அனுப்பணும்" என்று மேலிடத்து அம்மா போனை எடுத்தார்.

டீக்கார அக்கா கலவரப்பட்டாள். "எனக்குப் போட்டியெல்லாம் வேணாங்க. இந்த அக்கா என் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வர்றது தினம் கேக்கும். பாவம், எவ்வளவு பாரம்—"

"என்னது?" என்றார் பரிசோதகர்.

"இல்லைங்க, பாரத்தோட வருவாங்கன்னு சொன்னேன்."

பரிசோதகர் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் முட்டுக் கொடுத்து நின்றான். பை முழங்கால் வரைக்கும் தொங்கியது. பக்கத்து வீடு வரை போய் வந்ததற்கே வியர்த்து வழிந்தது.

"ஏம்மா தபால்காரி, தினம் அந்தத் தொப்பியைத் துரத்துனியே, அப்ப இந்தப் பை எங்க இருந்துச்சு?"

"தோள்லதாங்கய்யா."

"ஒரு நாளாவது பை இல்லாம அவளைத் துரத்தியிருக்கியா?"

அவள் விழித்தாள். "பை இல்லாம நான் எதுக்குய்யா இந்தத் தெருவுக்கு வரப்போறேன்?"

பரிசோதகர் மேலிடத்து அம்மாவிடம் கையை நீட்டினார். "போனைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா. தெருவுக்கு வாங்க. எல்லாரும் வாங்க."

கட்டடத்து வாசலிலிருந்து தெருக்கோடி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். மேலிடத்து அம்மா பாதி வழியில் நின்று கால்களைப் பார்ப்பார். ஒருத்தியின் இரண்டு காலும் ஒரு சேரத் தரையை விட்டால் அவள் தோற்றவள். டீக்கார அக்கா ரப்பர் செருப்போடு வந்து நின்றாள். இறக்குமதி என்ன நினைத்தாளோ, குனிந்து தன் விலை உயர்ந்த சப்பாத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தாள். அளவு கச்சிதம். அந்த உயரம், அந்த அளவு பார்த்துத்தானே செயலாளர் ஆளைப் பிடித்திருந்தார்.

"போங்க!" என்றார் பரிசோதகர்.

டீக்கார அக்கா முன்னால் போனாள். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டு. அழகான நடை, அதில் பொய் இல்லை. தபால்காரி பின்னால் போனாள். எட்டவும் இல்லை, விலகவும் இல்லை. தினமும் எவ்வளவு தூரம் விட்டுப் போவாளோ, அவ்வளவு தூரம்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" செயலாளர் கை தட்டினார். "எங்க சங்கத்துப் பொண்ணு!"

தொட்டி வந்தது, இருவரும் திரும்பினார்கள். அப்போதும் அதே இடைவெளி. பரிசோதகர் பார்த்துக்கொண்டே இருந்தார். தபால்காரிக்கு மூச்சு வாங்கவே இல்லை. வலது தோளைத் தாழ்த்தி, கையால் வெறும் இடுப்பை அணைத்துக்கொண்டு நடந்தாள், அங்கே இல்லாத ஒரு பையை ஆடாமல் பிடித்தபடி.

"மாப்பிள்ளை! உங்க வாயை இப்பத் திறங்க!"

மாப்பிள்ளை நடுத்தெருவுக்கு ஓடினான். பையைத் தலைக்கு மேலே தூக்கப் பார்த்தான். நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. ஆனால் தொண்டைக்கு என்ன குறை?

"அக்காவ்! பை எங்கிட்ட இருக்கு!"

தபால்காரி தோளைத் திரும்பிப் பார்த்தாள். கை இடுப்பை விட்டது. தோள் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்வதா என்று பரிசோதகருக்குச் சந்தேகமாகவே இருந்தது. மேலிடத்து அம்மா குனிந்து, தரையில் கன்னம் வைக்காத குறையாகப் பார்த்தார். ஒரு கால் எப்போதும் தரையில்தான் இருந்தது. டீக்கார அக்காவைத் தாண்டியபோது இருவரும் ஒரு கணம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடத்து நடையில் அதுதான் முதல் தடவை.

வாசலைத் தொட்டவள் தபால்காரி.

"சரி" என்றார் மேலிடத்து அம்மா, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு. "கேள்வியே இல்ல. இவங்க பேரைத்தான் அனுப்பணும். அனுப்புங்க."

"அனுப்பிடுறேன் மேடம்! நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றேன், நம்ம மண்ணுல பிறந்த பொண்ணுக்கு ஈடு உண்டா?" என்றார் செயலாளர்.

டீக்கார அக்கா சப்பாத்தைக் கழற்றித் துடைத்து இறக்குமதியிடம் நீட்டினாள். தோற்றவள் முகமாக அது இல்லை. "நாளைக்குக் காலையில பை தூக்கிட்டு வருவீங்கல்ல அக்கா? நான் பாதி தூக்குறேன். பக்கத்துல சேர்ந்தே நடப்போம்" என்றாள் தபால்காரியிடம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நான் இங்க இருப்பேனான்னுதான் தெரியல."

தபால்காரி பரிசோதகரைப் பார்த்தாள். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் மாடிப்படி வழியாக ஒரு சலசலப்பு வந்தது. ஆள் அல்ல, தண்ணீர். திறந்து விட்ட குழாயை யாரும் மூடவில்லை. உடைந்த படியில் விழுந்து தெறித்து, வாசலுக்கு ஓடி வந்து, செயலாளரின் செருப்பை நனைத்தது. மேலே பக்கத்து வீட்டு அம்மாள் சுவர் இடிந்துவிடும் போலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, யாராவது போய் மூடுங்க! அது யார் வீடு?" என்று செயலாளர் அலறினார்.

"என் வீடுங்க!" டீக்கார அக்கா ஏற்கெனவே படியில் இருந்தாள். வெறுங்காலோடு, கீழே பார்க்காமல், உடைந்த படியைத் தாண்டி மேலே போய் மறைந்தாள்.

மேலிடத்து அம்மா அந்தப் படியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தைச் சுவரில் வைத்து, யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, பரிசோதகரிடம் கேட்டார்.

"பெரியவரே, அந்தப் பொண்ணோட சொந்தப் பேர் என்ன?"

பரிசோதகருக்குத் தெரியவில்லை. செயலாளருக்கும் தெரியவில்லை. அவர்தான் மூன்று வருடமாக அவள் கையால் டீ குடித்தவர்.

"மேல போய்க் கேட்டு எழுதிக்குங்கம்மா" என்றார் பரிசோதகர். "போறப்ப அந்தப் படியில காலை வைக்காதீங்க. மாப்பிள்ளை, நீங்க வாங்க. தபால்காரி கையெழுத்துப் போட அந்த அம்மாவோட போகணும். பாதித் தெருவுக்குத் தபால் இன்னும் பாக்கி இருக்கு."

"மாமா, பை?"

"நடங்க."